தோற்றவர்க்கும் ஓர் ஆசனம்: மொரீசியஸ் தீவின் பாராளுமன்றம்

தேர்தல் என்பது எண்ணிக்கையின் தீர்ப்பு. கூடிய வாக்குப் பெற்றவர் சபைக்குச் செல்கிறார்; ஏனையோர் வீடு திரும்புகின்றனர். ஆனால், பல இனத்தவர் கலந்து வாழும் ஒரு சிறு நாட்டுக்கு இத்தீர்ப்பு மட்டும் போதுமா? சிறுதொகையினர் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டே இருப்பாராயின், அச்சபையைத் தமது சபையென அவர்கள் மதிப்பரோ? இவ்வினாவுக்கு மொரீசியஸ் தீவு கண்ட விடை ஆராயத்தக்கது.

இந்து சமுத்திரத்தின் தென்மேற்கில் உள்ள இத்தீவின் பரப்பு ஏறக்குறைய 720 சதுரமைல். ஒல்லாந்தர் குடியேறியபோது அங்கு மனிதரே இருக்கவில்லை. ஆதலால் இன்றுள்ள மக்கள் யாவரும் வெளியிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்களே. பிரெஞ்சுக் குடியேறிகள், ஆபிரிக்காவிலிருந்தும் மடகஸ்காரிலிருந்தும் அடிமைகளாகக் கொணரப்பட்டோர், 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்குப் பெருந்தொகையாக அழைத்துவரப்பட்ட இந்தியத் தொழிலாளர், சீன வணிகர் ஆகியோர் அம்மக்களின் முன்னோர். இந்தியருள் தமிழரும் கணிசமானோர். 1968 மார்ச் 12-இல் சுதந்திரம் பெற்ற நாடு, 1992-இல் அதே நாளிற் குடியரசாயிற்று. அதன் முதற் சனாதிபதியான சேர் வீராசாமி ரிங்காடு தமிழ் வம்சத்தவரே.

பாராளுமன்றம் ஒரே சபையைக் கொண்டது. பிரதான தீவு 20 தொகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளது. தொகுதிக்கு மூவராக 60 பேர் தெரிவுசெய்யப்படுகின்றனர்; கிழக்கே தொலைவிலுள்ள றொட்றிக்ஸ் தீவு இருவரை அனுப்புகிறது. மூவரைத் தெரியும் தொகுதியில் வாக்காளர் மூன்று வாக்குகளையும் அளித்தல் வேண்டும். குறைவாக அளித்தால் அச்சீட்டுச் செல்லாது.

இந்த 62 பேருக்கு மேலாக, எட்டு ஆசனங்கள் வரை தோற்ற அபேட்சகர்க்கு வழங்கப்படுவதுண்டு. அரசியலமைப்பு மக்களை இந்துக்கள், முஸ்லிம்கள், சீன வம்சத்தவர், பொதுக் குடியினர் என நான்கு சமூகங்களாகப் பகுக்கிறது. தமிழர்க்குத் தனிப்பகுப்பு இல்லை. ஒவ்வொரு சமூகத்தின் தொகையும், அதற்குக் கிடைத்த ஆசனங்களோடு ஒன்றைக் கூட்டிவரும் எண்ணால் வகுக்கப்படும். உதாரணமாக, இரண்டு இலட்சம் பேர் கொண்ட சமூகத்திற்கு 7 ஆசனங்கள் இருப்பின், எட்டால் வகுக்க ஈவு 25,000. முப்பதினாயிரம் பேர் கொண்ட சமூகத்திற்கு ஆசனமே இல்லையெனின் ஈவு 30,000. ஆகவே, அடுத்த ஆசனம் சிறிய சமூகத்துக்கே உரியது. அச்சமூகத்தைச் சேர்ந்த, கட்சி சார்ந்த தோற்ற அபேட்சகருள் தம் தொகுதியில் மிகக் கூடிய விகித வாக்குப் பெற்றவர் அதனைப் பெறுவார். முதல் நான்கு ஆசனங்கள் கட்சி நோக்காது இவ்வாறு அளிக்கப்படும். அவற்றால் கட்சிகளின் பலம் மாறிவிடாதிருத்தற்பொருட்டே எஞ்சிய நான்கும் வைக்கப்பட்டுள்ளன.

சபையின் ஆயுள் ஐந்தாண்டு. பெரும்பான்மையினரின் ஆதரவு பெற்றவரைச் சனாதிபதி பிரதம மந்திரியாக நியமிக்கிறார். அரசியலமைப்பின்படி சபையின் மொழி ஆங்கிலம். எனினும் அங்கத்தவர் சபாநாயகரை விளித்துப் பிரெஞ்சிலும் பேசலாம். மக்களுட் பெரும்பாலோர் வீட்டிற் பேசுவதோ கிறியோல் மொழி.

1982, 1995, 2024 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஒரே அணி பிரதான தீவின் 60 ஆசனங்களையும் கைப்பற்றியது. 1968 முதல் பிரதமராயிருந்த சேர் சிவசாகர் ராம்கூலம் 1982-இல் தம் ஆசனத்தையே இழந்தார். அரசியலமைப்பின் காவலான பிரிவுகள் பலவற்றையும் நாலில் மூன்று பங்கு வாக்கினால் மாற்றலாம் என்பதை நோக்க, எதிர்ப்புக் குரலற்ற சபை எத்துணை அபாயமானது என்பது விளங்கும். அவ்வேளைகளில் தோற்ற கட்சியினர் சிலரேனும் சபை புகுந்தது இம்முறையினாலேயே. 2024-இல் இவ்வாறு வந்த ஒருவரே எதிர்க்கட்சித் தலைவரானார்.

எனினும் இதற்கு விலையும் உண்டு. அபேட்சகர் ஒவ்வொருவரும் தம் சமூகத்தை அறிவித்தல் வேண்டும். 1982-இல் குடிசன மதிப்பிலிருந்து சமூகம் பற்றிய வினா நீக்கப்பட்டமையால், கணக்குக்கு 1972-ஆம் ஆண்டின் தொகைகளே கொள்ளப்பட்டு வருகின்றன. மக்கள்தொகையோ அதன்பின் பெரிதும் மாறியுள்ளது. பழைய தொகைகளை வைத்துக்கொண்டு சமூகத்தை அறிவிக்குமாறு வற்புறுத்துவது உரிமை மீறல் என ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2012-இல் முடிவுசெய்தது. 2014-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு மட்டும் அறிவிக்காதிருக்க இடமளிக்கப்பட்டது.

குடிமகனைச் சமூகப் பெயரால் எண்ணாவிடில் சிறுதொகையினர் மறக்கப்படலாம். எண்ணிக்கொண்டே இருப்பின் பிரிவினை மறையாது போகலாம். இவ்விரு அச்சங்களுக்கும் இடையே அமைந்ததே மொரீசியஸ் பாராளுமன்றம். அதன் கணக்கு நாளை மாற்றப்படலாம். வென்றவரின் பலத்தை மட்டுமன்றி, தோற்றவரின் குரலையும் காப்பது சபையின் கடன் என்னும் கொள்கை மாறாதிருத்தலே முக்கியம்.