மழைக்காட்டில் மூங்கிற் கூடையும் குப்பைக் குழியும்

நமது நாட்டின் வடகிழக்கிலுள்ள மேகாலய மாநிலத்தின் தென்சரிவில், ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் மாசின்ராம், சிரபுஞ்சி ஆகிய ஊர்கள் உள்ளன. அங்கு வாழ்வோர் காசி இன மக்கள். (கங்கைக் கரையிலுள்ள காசி நகருக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை.) இத்துணை மழையில் இரும்பு துருப்பிடிக்கும், மரம் மக்கும். ஆகவே, அழியாத பொருளைத் தேடுவதைவிட, அழிந்தால் அருகிலுள்ள காட்டிலிருந்தே மீண்டும் செய்துகொள்ளத்தக்க பொருளையே அம்மக்கள் விரும்பினர் எனலாம்.

இதற்குச் சிறந்த சான்று ‘க்னூப்’ எனப்படும் மழைக்காப்பு. மூங்கிற் பிளாச்சுகளால் பின்னிய இரு சட்டங்களுக்கிடையே அகன்ற இலைகளைப் பரப்பிச் செய்யப்படும் இது, ஆமையோடு போலத் தலையையும் முதுகையும் மறைக்கும். கையிற் பிடிக்க வேண்டுவதில்லை. ஆதலின் குனிந்து நாற்று நடுவோருக்குக் குடையைவிட இதுவே உகந்தது. நெற்றிப் பட்டையில் மாட்டிச் சுமக்கும் கூம்பு வடிவக் கூடையும் இத்தகையதே. பழுதுற்றால் இரண்டும் மண்ணோடு மண்ணாகிவிடும்.

மூங்கிலின் பெரும் பகைவன் துளைப்பூச்சி. மூங்கிலிலுள்ள மாப்பொருளே அதனை ஈர்க்கின்றது. இளங்கழிகளை விடுத்து, மூன்றாண்டேனும் முதிர்ந்தவற்றை வெட்டி, ஓடும் நீரில் சில வாரங்கள் ஊறவிட்டால் மாப்பொருள் பெரும்பாலும் கரைந்துவிடும். அடுப்பின் மேற்பரணில் வைத்துப் புகையூட்டுவதும் பயன் தரும். செலவற்ற இம்முறைகளைக் கள ஊழியர்கள் எவ்விடத்தும் தயங்காமல் எடுத்துக் கூறலாம்.

வங்கதேச எல்லையை அடுத்த மாவ்லின்னாங் கிராமத்தில் இக்கைத்தொழில் பொதுப் பணியாகவும் விளங்குகின்றது. தெருவோரங்களில் கூம்பு வடிவ மூங்கிற் கூடைகளே குப்பைத் தொட்டிகள். உதிர்ந்த இலைகளும் சமையற் கழிவும் குழியில் இடப்பட்டு எருவாகின்றன. விதிகளை வகுப்பது ‘தர்பார்’ எனும் ஊர்ச்சபை. தாய்வழிச் சொத்துரிமையுடைய இச்சமூகத்தில் தர்பார் மட்டும் மரபாக ஆடவர் சபையாகவே இருந்துவந்திருப்பது வியப்புக்குரியது. தெருவைப் பெருக்குவோரிற் பெண்கள் பலர்.

2003-ஆம் ஆண்டில் ஒரு பத்திரிகை இதனை ஆசியாவின் மிகத் தூய்மையான கிராமம் என்று போற்றியது. புகழ் பரவவே பயணிகள் பெருகினர். அவர்களுடன் தண்ணீர்ப் புட்டிகளும் தின்பண்ட உறைகளும் வந்தன. எருக்குழி இவற்றை ஏற்காது. மலைப்பாதை வழியே நகருக்குச் சுமந்து செல்லவோ கூலி வேண்டும். ஒருமுறை உபயோகிக்கும் தட்டு, குவளை, உறிஞ்சுகுழல் முதலிய பிளாஸ்டிக் பொருள்கள் 2022 ஜூலை 1 முதல் நாடெங்கும் தடைசெய்யப்பட்டன. தண்ணீர்ப் புட்டி அத்தடையுள் அடங்கவில்லை. ஊர்ச்சபையின் திறமைக்கு உண்மைச் சோதனை இதுவேயாகும்.

க்னூப்பின் இடத்தையும் பிளாஸ்டிக் விரிப்பு பற்றி வருகின்றது. அது மலிவு, இலேசானது, விவசாயியைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும், பின்னுவோர் குறைந்தால் தெருக்கூடைக்கும் ஆள் கிடைப்பது அரிதாகும்.

பாடசாலைகளில் இதனை ஒரு சோதனையாகச் செய்து காட்டலாம். மழைக்காலத் தொடக்கத்தில், வாழையிலைத் துண்டு, மூங்கிற் பிளாச்சு, பிளாஸ்டிக் உறை மூன்றையும் எடையிட்டு, ஒரு சாண் ஆழத்தில் தனித்தனியே புதைத்து அடையாளக் குச்சி நடுக. மாதந்தோறும் தோண்டியெடுத்து, மண்ணை நீக்கி, நிழலில் உலர்த்தி, மீண்டும் எடையிட்டு மாணவர்களே குறித்து வரட்டும்.