அணு அடுக்கை அளப்பது எப்படி?

நம் இல்லத்து அரிவாள்மணை ஈரம் பட்டால் இரண்டே நாளில் துருவேறிவிடுகிறது. எவர்சில்வர் குவளையோ ஆண்டுக்கணக்கில் பளபளக்கிறது. இரண்டிலும் இருப்பது இரும்புதான். ஆனால் எவர்சில்வரில் கலந்துள்ள குரோமியம், காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு மெல்லிய போர்வையை உண்டாக்கிக் கொள்கிறது. அதன் கனம் ஏறத்தாழப் பத்து அணு அடுக்குகளே! நம் தலைமுடி ஒன்றின் கனத்தில் இத்தகைய அடுக்குகள் சுமார் மூன்று லட்சம் அடங்கும். இவ்வளவு மெல்லியதை எந்த அளவுகோலால் அளப்பது?

அணுவைக் கொண்டே அணுவை அளக்கலாம். 1909-இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வுக்கூடத்தில் கைகரும் மார்ஸ்டனும் உலோகத் தகடுகளின்மீது ஆல்பா துகள்களைச் செலுத்தினர். பிளாட்டினத்தில் ஏறத்தாழ 8,000-இல் ஒன்று பின்னோக்கித் திரும்பியது. இதைக் கொண்டு ரூதர்ஃபோர்டு 1911-இல் அணுக்கருவைப் பற்றி அறிவித்ததை மாணவியர் படித்திருப்பீர்கள். திரும்பி வரும் துகள் வேறு செய்திகளையும் கொண்டுவருகிறது.

கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் காயை நேராக அடித்தால் அதன் வேகம் பெரிதும் குறைகிறது. கட்டையில் மோதினாலோ விரைந்து திரும்புகிறது. அயனிகளும் அவ்வாறே. ஹீலியம் அயனி ஒன்று மோதி நேர் எதிரே திரும்புவதாகக் கொள்வோம். தங்க அணுவில் மோதினால் 92 விழுக்காடு ஆற்றலோடு திரும்பும். சிலிக்கனில் 56, ஆக்சிஜனில் 36, கார்பனில் 25 விழுக்காடுதான் மிஞ்சும். ஆகவே மீதமுள்ள ஆற்றலை அளந்தால், மோதியது எந்த அணு என்று தெரிந்துவிடும்.

ஆழத்தை அறிவது எப்படி? சந்தைக்குள் நெடுந்தூரம் போய் வருபவரின் பையில் சில்லறை குறைவதைப் போல, உள்ளே போய்த் திரும்பும் அயனி வழியிலுள்ள எலக்ட்ரான்களிடம் சிறிது சிறிதாக ஆற்றலை இழக்கிறது. ஆற்றல் குறைந்தது இலேசான அணுவாலா, ஆழத்தாலா என்ற ஐயம் எழுவது இயல்பே. தகட்டைச் சற்றுச் சாய்த்து மறுமுறை அளப்பார்கள். ஆழத்திலுள்ள அணுவாயின் பயண தூரம் கூடிக் கணக்கு மாறும். மேற்பரப்பு அணுவாயின் அவ்வளவாக மாறாது.

இன்னும் நுட்பமான முறை ஒன்று உண்டு. எமக்குப் பெரிதும் வியப்பளித்தது இதுவே. கடலூர்ப் பக்கத்துச் சவுக்குத் தோப்பை வரிசைக்கு நேராக நின்று பாருங்கள். முதல் மரம் பின்னுள்ள மரங்களையெல்லாம் மறைத்துவிடும். அந்த முதல் மரம் சற்றே விலகி நின்றால் பின்மரம் எட்டிப் பார்க்கும் அன்றோ? படிகத்தில் அணுக்களும் வரிசையாகவே நிற்கின்றன. வரிசைக்கு நேராக அயனிகளைச் செலுத்தினால், முன்னணு பின்னணுக்களை மறைக்கும். மேலடுக்கு இடம் பெயர்ந்திருந்தால் மறைந்திருந்தவையும் அடிபடும். திரும்பும் அயனிகள் அதிகமாகும். அந்த எண்ணிக்கையைக் கொண்டு மேலடுக்கின் நிலையைக் கணக்கிடலாம்.

இம்முறையில் 1985-இல் ஆம்ஸ்டர்டாமில் ஃபிரெங்கன், வான் டெர் வீன் ஆகிய இருவரும் ஈயத்தை ஆராய்ந்தனர். ஈயம் உருகுவது ஏறத்தாழ 327 டிகிரி சென்டிகிரேடில். ஆனால் அதற்குப் பல டிகிரி முன்னரே மேலடுக்கு அணுக்கள் ஒழுங்கு குலைந்து திரவம் போலாகிவிட்டதை அவர்கள் கண்டனர். சூடு ஏற ஏற, அத்திரவப் படலம் அடுக்கடுக்காகத் தடித்தது. உருகுதல் மேற்பரப்பிலிருந்து தொடங்குகிறது என்று வெகுநாளாய்க் கருதப்பட்டதற்கு இது நேரான சான்றாயிற்று.

இத்தகைய ஆய்வைக் காண ஐரோப்பாவுக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. கடலூரிலிருந்து புதுச்சேரியைக் கடந்து கடற்கரையோரமாக வடக்கே சென்றால், மாமல்லபுரத்துக்கு முன்னரே கல்பாக்கம். அங்கே 1971-இல் தொடங்கிய அணு ஆராய்ச்சி மையத்துக்கு 1985-இல் இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. அம்மையத்தின் 17 லட்சம் வோல்ட் துகள் முடுக்கியில் அயனிகளைச் செலுத்திப் பொருள்களின் மேலடுக்குகளை ஆராய்கின்றனர். அணு உலைக்கான எஃகு கதிர்வீச்சைத் தாங்குமா என்பதையும், அதன்மீது அயனிகளை மோதவிட்டு முன்கூட்டியே சோதிக்கின்றனர்.