பிளாச்சிமடா: ஆலை மூடி 20 ஆண்டுகளுக்குப் பிறகும் தீராத தண்ணீர்க் கணக்கு

புதுதில்லி: பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் வழியில், தமிழக எல்லையைக் கடந்ததும் வருவது மீனாட்சிபுரம். அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், சித்தூர் வட்டம் பெருமாட்டி ஊராட்சியில் உள்ளது பிளாச்சிமடா. தமிழும் மலையாளமும் கலந்து பேசப்படும் இந்தச் சிற்றூரில் இயங்கிய கோக-கோலா குளிர்பான ஆலை 2004 மார்ச்சில் மூடப்பட்டது. ஆனால், அந்த ஆலையால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் முயற்சி தில்லியோடு நின்றுபோனது.

தொழிற்சாலைகள் சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைத்துக்கொண்டதாக ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகின்றன. அந்தக் குறைப்பை அளப்பது யார், எந்த அளவுகோலால் அளப்பது என்ற கேள்விகளுக்கு பிளாச்சிமடாவைப் போல் தெளிவாக விடை தரும் ஊர் நாட்டில் வேறில்லை.

மழை குறைந்த மண்: பாலக்காட்டின் கிழக்குப் பகுதி, கேரளத்தின் பிற பகுதிகளைப் போல் மழை வளம் மிக்கதல்ல. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் தமிழகத்திலிருந்து வர வேண்டிய 7.25 டி.எம்.சி. நீரை நம்பியே சித்தூர் பகுதியின் பாசனம் நடக்கிறது. ஆற்று நீரை இரு மாநிலங்களும் துல்லியமாகக் கணக்கிட்டுக் கேட்டு வாங்குகின்றன. ஆனால், அதே மண்ணுக்கு அடியில் இருக்கும் நீருக்கு அப்படியொரு கணக்கு இல்லாத காலத்தில்தான் ஆலை வந்தது.

ஹிந்துஸ்தான் கோக-கோலா நிறுவனத்துக்கு 2000 ஜனவரியில் பெருமாட்டி ஊராட்சி உரிமம் வழங்கியது. மார்ச் மாதத்தில் உற்பத்தி தொடங்கியது. சுமார் 34 ஏக்கர் வளாகத்தில் ஆழ்துளைக் கிணறுகள் மூலம் நீர் எடுக்கப்பட்டது. ஓரிரு ஆண்டுகளிலேயே கிணறுகளில் நீர்மட்டம் தாழ்ந்துவிட்டதாகவும், இருக்கும் நீரும் சமைக்கவோ குடிக்கவோ உதவாததாகிவிட்டதாகவும் சுற்றுவட்டார மக்கள் புகார் கூறினர். மழைக் குறைவே இதற்குக் காரணம் என்றது நிறுவனம்.

2002 ஏப்ரல் 22-ம் தேதி ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கியது. எரவாளர், மலசர் பழங்குடியினரே அதன் முன்வரிசையில் இருந்தனர். எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமாக விளங்கினார். 2007 ஜனவரியில் அவர் காலமானார்.

உரமாகிய கழிவு: ஆலையின் திடக்கழிவு, உரம் என்ற பெயரில் அக்கம்பக்க விவசாயிகளுக்கு வழங்கப்பட்டு வந்தது. கழிவை வீணாக்காமல் மறுபயன்பாட்டுக்கு அனுப்புவது காகிதத்தில் நல்ல சுற்றுச்சூழல் நடவடிக்கையே. ஆனால், 2003 ஜூலையில் பிபிசி வானொலி, பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தில் அக்கழிவைப் பரிசோதிக்கச் செய்தபோது, அதில் காரீயமும் காட்மியமும் இருப்பது தெரியவந்தது. அதன் பிறகே, கழிவை விவசாயிகளுக்கு வழங்குவதை நிறுத்துமாறு கேரள மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது.

முரண்பட்ட தீர்ப்புகள்: 2003 ஏப்ரலில் உரிமத்தைப் புதுப்பிக்க ஊராட்சி மறுத்தது. வழக்கு கேரள உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. அதே ஆண்டு டிசம்பர் 16-ம் தேதி நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் அளித்த தீர்ப்பு நாடெங்கும் பேசப்பட்டது. நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து. அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்றது அத்தீர்ப்பு. 34 ஏக்கர் நிலத்தில் பயிர் செய்யும் ஒருவர் பாசனத்துக்கு எவ்வளவு நீர் எடுப்பாரோ, அந்த அளவுக்கு மட்டுமே நிறுவனமும் எடுக்கலாம் என்று வரம்பு விதித்தது.

2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் கொண்ட அமர்வு இதை மாற்றியது. நிபுணர் குழு அறிக்கையின் அடிப்படையில், இயல்பான மழை பெய்யும் ஆண்டில் நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. ஊராட்சி உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2017 ஜூலையில், பிளாச்சிமடாவில் மீண்டும் உற்பத்தி தொடங்கும் எண்ணமில்லை என்று நிறுவனம் தெரிவித்ததை அடுத்து வழக்கு முடித்துவைக்கப்பட்டது. நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்ற மூலக் கேள்விக்கு அங்கே விடை கிடைக்கவில்லை. நிலத்தின் உரிமையாளரே அதன் அடியிலுள்ள நீரையும் எடுத்துக்கொள்ளலாம் என்ற கருத்துக்கு, 1882-ம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டமே இன்றும் ஆதாரமாகக் காட்டப்படுகிறது.

சராசரியும் சொந்தக் கிணறும்: போராட்டத்துக்குப் பிறகு கோக-கோலா தன் போக்கை மாற்றிக்கொள்ளாமல் இல்லை. ஒரு லிட்டர் பானம் தயாரிக்க உலக அளவில் 2004-ல் 2.7 லிட்டர் நீரைச் செலவிட்ட நிறுவனம், 2020-ல் அதைச் சுமார் 1.8 லிட்டராகக் குறைத்ததாகக் கணக்குக் காட்டியது. பயன்படுத்தும் நீருக்கு ஈடான நீரை இயற்கைக்கும் மக்களுக்கும் திருப்பி அளிப்பதாக 2007-ல் அறிவித்து, 2020-க்கான அந்த இலக்கை 2015-லேயே எட்டிவிட்டதாகவும் கூறியது.

இவை பொருட்படுத்த வேண்டிய முயற்சிகளே. ஆனால், லிட்டருக்கு லிட்டர் விகிதம் குறைவதால் மொத்த நீர் எடுப்பும் குறையும் என்பதில்லை. ஒரு லட்சம் லிட்டர் பானத்துக்கு 3 லட்சம் லிட்டர் நீர் எடுத்த ஆலை, விகிதத்தை இரண்டாகக் குறைத்து உற்பத்தியை இருமடங்காக்கினால், எடுக்கும் நீர் 4 லட்சம் லிட்டராக உயரும். மேலும், வேறொரு நாட்டில் திருப்பி அளிக்கப்படும் நீர் பிளாச்சிமடாவின் கிணற்றை நிரப்பாது.

தில்லியைச் சேர்ந்த டெரி ஆய்வு நிறுவனம் 2008 ஜனவரியில் அளித்த அறிக்கையும் இதையே உணர்த்தியது. இந்தியாவிலுள்ள ஆறு கோக-கோலா ஆலைகளை ஆராய்ந்த அது, ராஜஸ்தானின் காலாடெரா ஆலைக்கு நான்கு வழிகளை முன்வைத்தது. நெருக்கடியற்ற வேறு நீராதாரத்திலிருந்து நீர் கொண்டுவருவது, நெருக்கடி குறைந்த காலத்தில் நீரைச் சேமித்து வைப்பது, ஆலையை இடம் மாற்றுவது, அல்லது மூடுவது. எவ்வளவு சிக்கனமான ஆலையானாலும், வறண்ட நீர்ப்படுகையின் மேல் அமைந்தால் பயனில்லை என்பதே இதன் பொருள். 2016-ல் அந்த ஆலை உற்பத்தியை நிறுத்தியது.

திரும்பி வந்த மசோதா: கூடுதல் தலைமைச் செயலர் கே. ஜெயகுமார் தலைமையில் கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு, பிளாச்சிமடாவில் ஏற்பட்ட இழப்பை ரூ. 216 கோடி என 2010 மார்ச்சில் மதிப்பிட்டது. இதில் வேளாண் இழப்பு மட்டும் ரூ. 84 கோடி. இழப்பீட்டைத் தீர்மானிக்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை 2011 பிப்ரவரியில் கேரள சட்டப்பேரவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்காகத் தில்லி வந்த மசோதா, ஆண்டுக்கணக்கில் மத்திய அமைச்சகங்களில் கிடந்து, இறுதியில் ஒப்புதலின்றித் திரும்பியது.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கும்போது தனித் தீர்ப்பாயம் எதற்கு என்பது மசோதாவுக்கு எதிராக வைக்கப்பட்ட வாதங்களில் ஒன்று. ஆனால், 2010-ம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டப்படி, பாதிப்புக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோர வேண்டும். 2004-ல் மூடப்பட்ட ஆலைக்கு எதிராக இந்தக் கதவு, தீர்ப்பாயம் பிறக்கும் முன்பே சாத்தப்பட்டுவிட்டது.

தில்லிக்கு வேறு வழி தெரியாததல்ல. பாலாற்றுப் படுகையைப் பாழாக்கிய தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, மத்திய அரசு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனி ஆணையம் அமைத்தது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, வேலூர் பகுதியில் பாதிக்கப்பட்ட 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அந்த ஆணையம் இழப்பீடு நிர்ணயித்தது. பாலாற்றுக்குத் திறந்த வழி பிளாச்சிமடாவுக்கு மட்டும் திறக்கப்படவில்லை.

2016 ஜூனில் நிறுவனத்தின் மீது தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி மீனாட்சிபுரம் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவானது. 2023-ல் ஆலையின் நிலத்தையும் கட்டடத்தையும் கேரள அரசிடம் ஒப்படைக்க நிறுவனம் முன்வந்தது. நிலம் கிடைப்பது நல்லதே. ஆனால், அது இழப்பீடு ஆகாது.

தமிழகத்துக்கும் பாடம்: பெருந்துறை சிப்காட்டில் கோக-கோலா ஆலைக்கு ஒதுக்கிய நிலத்தை, மக்கள் எதிர்ப்புக்குப் பின் 2015-ல் சிப்காட் ரத்து செய்தது. கங்கைகொண்டானில் தாமிரவருணி நீரைக் குளிர்பான ஆலைகளுக்கு வழங்குவதை எதிர்த்த மனுக்களை 2017 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தள்ளுபடி செய்தது. தமிழகத்தில் 2003-ல் இயற்றப்பட்ட நிலத்தடி நீர்ச் சட்டமோ நடைமுறைக்கு வராமலேயே 2013-ல் திரும்பப் பெறப்பட்டது.

2025 ஜனவரியில் பாலக்காடு மாவட்டம் எலப்புள்ளியில் மதுபான ஆலைக்குக் கேரள அரசு முதற்கட்ட அனுமதி அளித்தபோது, நிலத்தடி நீர் எடுக்கப்படாது, மழைநீர் சேகரிக்கப்படும் என்ற உறுதிமொழிகள் தரப்பட்டன. எதிர்ப்பாளர்கள் பதிலுக்குச் சொன்ன ஒரே சொல் பிளாச்சிமடா.

ஆலை தன் பாதிப்பைக் குறைத்ததா என்பதை, அதன் ஆண்டறிக்கையோடு அருகிலுள்ள கிணறும் சொல்ல வேண்டும். கிணற்றின் சாட்சியத்தைக் கேட்டு ஈடு வழங்கும் சட்டம் தேவை என்றுதான் கேரளப் பேரவை 2011-ல் தில்லியிடம் கேட்டது. அந்தக் கோரிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது.