பலகைச் சுவரும் ஈரமும்

கோலார் தங்கவயலில் 1880-ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்க வேலையில் இறங்கியது. வட ஆர்க்காடு ஜில்லாவிலிருந்து ஏராளமான தமிழர்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்கள் குடியிருந்த லைன் வீடுகள் பலவற்றுக்கு மூங்கில் தட்டிதான் சுவர். மழையில் தட்டி நனையும். அடிப்பக்கம்தான் முதலில் இற்றுப்போகும்.

கம்பெனி ஓடியவரை லைன் வீடுகளைப் பழுது பார்த்தது கம்பெனிதான். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன் பிறகு கதவு இற்றாலும் பலகை இற்றாலும், பெரும்பாலும் குடியிருப்பவர் கைக்காசுதான் செலவாகிறது. வீட்டின் முன்னால் பலகை அடித்து ஓர் அறை எடுத்தவர்களுக்கு இந்தக் கவலை இன்னும் அதிகம்.

மரம் ஏன் இற்றுப்போகிறது? தண்ணீர் மட்டும் காரணம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத பூஞ்சணம் ஒன்று மரத்தைத் தின்கிறது. அது வளர ஈரம் வேண்டும். 100 கிலோ காய்ந்த மரத்தில் 20 கிலோவுக்குக் குறைவாகத் தண்ணீர் இருந்தால் அது வளராது. எனவே பலகை நனைவது பெரிய ஆபத்து அல்ல. நனைந்தது காயாமல் இருப்பதுதான் ஆபத்து.

மரத்துக்குள் மெல்லிய குழாய்கள் உண்டு. வேரிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏறிய வழி அது. மரத்தைப் பலகையாக அறுத்த பிறகும் அந்த வழி இருக்கிறது. அறுத்த முனை ஈரத் தரையில் பட்டால், விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல் பலகை தண்ணீரை இழுக்கும்.

அதனால் பலகை தரையைத் தொடக் கூடாது. கீழே ஒரு சாண் உயரத்துக்குச் செங்கல்லோ கருங்கல்லோ வைத்துக் கட்ட வேண்டும். கூரைத் தகரம் சுவருக்கு வெளியே ஒன்றரை அடி நீண்டிருந்தால் நல்லது. பலகையைப் படுக்கையாக அடிப்பவர்கள் கீழிருந்து தொடங்க வேண்டும். மேல் பலகை கீழ்ப் பலகைமேல் ஓடுபோல் ஏறி நிற்க வேண்டும். நிற்கவைத்து அடித்தால் இடைவெளிமேல் ரீப்பர் அடிக்கலாம்.

பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. மழையில் சுவர் கறுத்ததும் அவசரமாகப் பெயிண்ட் அடிக்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழி இல்லை. பெயிண்ட் கொப்புளிக்கும். அதற்குள் மரம் இற்றுக்கொண்டிருக்கும். பெயிண்டுக்குக் கொடுத்த காசும் வீண். தங்கவயலில் செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். பிப்ரவரி, மார்ச்சில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும். அப்போது அடியுங்கள். புதுப் பலகை என்றால் ஆணி அடிக்கும் முன்பே பின்பக்கத்துக்கும் அறுத்த முனைகளுக்கும் பிரைமர் பூச வேண்டும். முனைக்கு இரண்டு முறை.

சிலர் ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள். அதுவும் நல்லதுதான். ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வீட்டுக்குள் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

காற்றடிக்கும் மாதங்களில் சயனைடு மேட்டிலிருந்து பொடிமண் பறந்து வரும். அது பலகை இடுக்கில் படிந்தால் மழை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாசல் பெருக்கும்போது பலகை அடியையும் ஈரத்துணியால் துடைத்துவிடலாம்.

பழைய பலகையை ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி மெத்தென்று இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. அதற்கு ஒரு முழம் மேலே வரை அறுத்து, புதுத் துண்டு சேர்க்க வேண்டும். குளிக்கும் தண்ணீர் தெறிக்கும் பக்கத்தை முதலில் குத்துங்கள்.