விண்டோஸ் எழும் முன்னே ஒரு திரை

லினக்ஸ் போடலாம் என்று பென்டிரைவைச் செருகி லேப்டாப்பை ஆன் செய்கிறீர்கள். அது பென்டிரைவைக் கண்டுகொள்ளாமல் வழக்கம்போல விண்டோஸையே கொண்டுவந்து நிறுத்துகிறது. பென்டிரைவில் குறை இல்லாமலும் இது நடக்கும். எதை முதலில் தேடுவது, எதை அடுத்து தேடுவது என்ற வரிசை ஒன்று லேப்டாப்பிடம் இருக்கிறது. அதில் உள்ளே இருக்கும் டிஸ்க்குக்குத்தான் முதலிடம்.

அந்த வரிசை இருக்கும் இடத்தை இன்றும் பயாஸ் என்றே சொல்கிறோம். 1981-ல் ஐபிஎம் பிசி வந்தபோது பரவிய பெயர் அது. இப்போதைய லேப்டாப்புகளில் இருப்பது யுஇஎஃப்ஐ என்றாலும் பழைய பெயர் போகவில்லை. மதர்போர்டில் ஒரு சின்ன சிப்பில் இருக்கும் மென்பொருள் இது; டிஸ்க்கையே கழற்றிவிட்டாலும் இது இருக்கும்.

உள்ளே போக, ஆன் செய்ததும் ஒரு விசையை விட்டு விட்டுத் தட்ட வேண்டும். டெல், ஏசர், ஆசஸ் என்றால் எஃப்2. எச்பி என்றால் எஃப்10. லெனோவோவின் திங்க்பேட் என்றால் எஃப்1. தட்டியும் திரை வரவில்லையா? பல லேப்டாப்புகளில் எஃப் வரிசைதான் சத்தம், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் விசைகளும். எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். அதுவும் பலிக்காவிட்டால் விண்டோஸ் 11 வழியாகவே போகலாம்: செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ரெக்கவரி, அங்கே அட்வான்ஸ்டு ஸ்டார்ட்அப் எதிரே ரீஸ்டார்ட் நவ். நீலத் திரை வந்ததும் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்.

ஒரே ஒரு முறை பென்டிரைவிலிருந்து எழுப்பத்தான் இத்தனையும் என்றால் வரிசையை மாற்றவே வேண்டாம். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9 தட்டினால் இந்த முறைக்கு மட்டும் எது என்று கேட்கும். ஏசரின் பல மாடல்களில் இந்த எஃப்12 மெனு அணைந்தே வரும். பயாஸின் மெயின் பக்கத்தில் அதை இயக்கிவிட வேண்டும். கையெழுத்துச் சரிபார்க்கப்படாத எதையும் எழவிடாத செக்யூர் பூட் என்ற காவலும் உண்டு. உபுண்டு, ஃபெடோரா போன்றவை அதைத் தாண்டிவிடும். தாண்டாதவற்றுக்குத்தான் அதை அணைக்க வேண்டியிருக்கும்.

அணைக்கும் முன் ஒரு நிமிடம். புது லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்திருந்தால், நீங்கள் கேட்காமலேயே பிட்லாக்கர் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கலாம். செக்யூர் பூட்டில் கை வைத்தால் அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் உங்கள் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இன்னொன்று, டிஸ்க் எந்த முறையில் இயங்குகிறது என்ற அமைப்பு: ஏஹெச்சிஐ, ரெய்டு என்று போட்டிருக்கும். அதை மாற்றினால் விண்டோஸ் பெரும்பாலும் நீலத் திரையோடு நின்றுவிடும். பழையபடி வைத்தால் எழுந்துவிடும். ஆனால் பழையது எது என்று நினைவிருக்க வேண்டுமே! ஒவ்வொரு பக்கத்தையும் மாற்றும் முன் செல்போனில் படம் எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

பயாஸிலேயே போர்ட்டுகளை மூடித் திறக்கும் வசதியும் உண்டு; வீட்டு மாடல்களில் அது அவ்வளவாக இராது. திங்க்பேட், டெல் லாட்டிட்யூட் போன்ற ஆபீஸ் மாடல்களில்தான் தாராளம். திங்க்பேடில் செக்யூரிட்டி பக்கத்தில் ஐ/ஓ போர்ட் ஆக்சஸ் என்று இருக்கும். யுஎஸ்பி, கேமரா, மைக், புளூடூத் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி சுவிட்ச். லாட்டிட்யூடில் யுஎஸ்பிக்கே இரண்டு சுவிட்சுகள், இவற்றைப் போட்டுக் குழப்பிக்கொள்வோர் அதிகம். யுஎஸ்பி பூட்டை அணைத்தால் பென்டிரைவிலிருந்து லேப்டாப் எழாது, அவ்வளவுதான். விண்டோஸுக்குள் பென்டிரைவ் வழக்கம்போல வேலை செய்யும். வெளி யுஎஸ்பி போர்ட்டுகளையே அணைத்தால் மவுஸ்கூட ஓடாது.

இங்கே மூடிய கேமராவை விண்டோஸ் பார்க்கவே பார்க்காது. டிவைஸ் மேனேஜரிலும் இருக்காது, எத்தனை முறை டிரைவர் போட்டாலும் வராது. ஏதோ ஒரு கம்பெனி பாதுகாப்புக்காக மூடி வைத்து, பிறகு கழித்துவிட்ட லேப்டாப்பை செகண்ட் ஹாண்டில் வாங்கியவர்கள் கேமரா செத்துவிட்டது என்று நினைப்பது இதனால்தான். சுவிட்சைத் திருப்பி, சேமித்து வெளியே வந்தால் போதும்.

அதற்கும் உள்ளே போக முடிய வேண்டும். பழைய கம்பெனி சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் போட்டிருந்தால் எதையும் மாற்ற முடியாது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அழிந்துவிடும் என்பது பழைய டெஸ்க்டாப் காலத்து வைத்தியம். திங்க்பேடில் அந்தப் பாஸ்வேர்ட் தொலைந்தால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்கிறது லெனோவோ. பழைய லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஆன் செய்து, அந்தந்த மாடலின் விசையைத் தட்டி, பாஸ்வேர்ட் கேட்கிறதா என்று பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.