பயந்தால் ஒட்டும் உலோகம்

மரப்பலகை வெட்ட வாங்கிய, கணினி இயக்கும் சிஎன்சி ரவுட்டரில் முதல்முறையாக அலுமினியத் தகட்டை ஏற்றுபவர் பெரும்பாலும் ஒரு காரியம் செய்வார். உலோகமாயிற்றே என்று பயந்து, வெட்டும் பிட் நகரும் வேகத்தை வெகுவாகக் குறைத்துவிடுவார். பிட் கிறீச்சிடும், புகையும், கடைசியில் முறியும். எடுத்துப் பார்த்தால் அதன் பள்ளம் முழுக்க அலுமினியம் அப்பிக் கிடக்கும்.

1958இல் கிண்டி தொழிற்பேட்டை வந்தபின் லேத்தும் வெல்டிங்கும் ஷீட் மெட்டலுமாக வளர்ந்த சென்னை வட்டாரம் ஈக்காட்டுத்தாங்கல். சென்னைக்கும் அலுமினியத்துக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. 1898இல் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்தார். இன்று ஈக்காட்டுத்தாங்கல் பட்டறைகளில் அலுமினியத் தகட்டில் கன்ட்ரோல் பேனல் முகப்புக்கும் பெயர்ப்பலகைக்கும் துளை போடுவது, பிட்டை நிமிடத்துக்கு 24,000 சுற்றுவரை சுழற்றும் ஸ்பிண்டில்.

அலுமினியம் மெத்தென்ற உலோகம். தொல்லையே அதுதான். 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அந்தச் சூட்டுக்கு வெகு முன்பே குழைந்து வெட்டுமுனையில் ஒட்டத் தொடங்கும். ஒட்டியதன்மேல் இன்னும் ஒட்டும். எனவே பிறக்கும் சூடு தகட்டிலும் பிட்டிலும் தங்காமல் வெட்டுத்தூளோடு வெளியே பறந்துவிட வேண்டும். தூள் ஓரளவு தடிமனாக இருந்தால்தான் அது நடக்கும்.

கணக்கு எளிது. ஒரே வெட்டுமுனை கொண்ட பிட் நிமிடத்துக்கு 18,000 சுற்றில் ஓடுகிறது. நிமிடத்துக்கு 900 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு சுற்றுக்கு 0.05 மில்லிமீட்டர் சீவும், ஏறக்குறைய ஒரு மெல்லிய தலைமுடியின் தடிமன். பயந்துபோய் 180 மில்லிமீட்டராகக் குறைத்தால் 0.01தான் மிஞ்சும். அவ்வளவு மெல்லிசாகச் சீவ முனைக்குக் கூர்மை போதாது, சீவாமல் தேய்க்கும். தேய்ப்பதெல்லாம் சூடு. நகர்வைக் குறைத்தே ஆகவேண்டுமென்றால் சுற்றையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். மூன்று முனை பிட் வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று நினைப்பதும் இதே கணக்கில் அடிபட்டுப்போகும்: அதே 900இல் ஒவ்வொரு முனைக்கும் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். தூள் வெளியேறும் பள்ளமும் குறுகிவிடும்.

விலை கூடினால் தரம் கூடும் என்ற நம்பிக்கையும் இங்கே செல்லாது. எஃகு வெட்டப் பேர்போன டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சு பிட்டில் இருந்தால், அந்தப் பூச்சிலேயே அலுமினியம் இருக்கிறது. இனம் இனத்தோடு சேரும். பூச்சே இல்லாத, பளபளவென்று மெருகேற்றிய கார்பைடு பிட் இதற்குப் போதும்.

இனி துளை. பேனலில் வரும் வழக்கமான புஷ் பட்டனுக்கு 22.5 மில்லிமீட்டர் துளை வேண்டும். 6 மில்லிமீட்டர் பிட்டின் மையம் 16.5 மில்லிமீட்டர் விட்டத்தில் வட்டமிட வேண்டும். நேராகக் குத்தி இறங்காமல், சுற்றுக்கு அரை மில்லிமீட்டராகத் திருகுபோல இறங்கினால் 3 மில்லிமீட்டர் தகடு ஆறு சுற்றில் முடியும். அடியைச் சமன்செய்ய இன்னொன்று. கணக்குப்படி அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் நடுவில் பத்தரை மில்லிமீட்டர் வில்லை ஒன்று மிஞ்சும். கடைசிச் சுற்றில் அது விடுபட்டு, பிட்டுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கினால் முறிவது பிட்தான். அடியில் இருபக்க டேப் ஒட்டலாம். இவ்வளவு சின்னத் துளையென்றால் நடுவையும் சேர்த்துத் தூளாக்கிவிடுவதே நல்லது. தகட்டையும் துளைக்குப் பக்கத்திலேயே இறுக்க வேண்டும். பிட்டின் திருகு மெல்லிய தகட்டை மேலே இழுத்து அதிரவைக்கும்.

வட்டம் எது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. 1952இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. காட்டிய முதல் எண்கட்டுப்பாட்டு மில்லிங் இயந்திரம் முதல் இன்றுவரை, குறுக்கு, நெடுக்கு அச்சுகளைச் சேர்த்து ஓட்டித்தான் வளைவு பிறக்கிறது. கடிகாரத்தின் 12, 3, 6, 9 மணி இருக்கும் இடங்களில் ஏதாவது ஓர் அச்சு திசை திரும்பும். அச்சை நகர்த்தும் திருகுதண்டில் ஆட்டம் இருந்தால் அந்த நான்கு இடத்திலும் சின்ன வடு விழும். துளையைப் பார்த்தே இயந்திரத்தின் வயதைச் சொல்லிவிடலாம்.

சென்னை வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு மீட்டர் தகடு 20 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் நீளும். டெம்போவிலிருந்து இறக்கிய சூட்டோடு துளை போட்டால், ஆறியபின் துளைகளுக்கு இடையிலான தூரம் குறைந்திருக்கும்.

மிஞ்சும் வில்லைகளும் தூளும் காயலான் கடைக்குப் போகும். எண்ணெய் பட்ட தூளுக்கு விலை மட்டு, வெட்டுத்துண்டுக்குக் கூடுதல். தாதிலிருந்து புதிதாக அலுமினியம் எடுக்க ஆகும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் இருந்தால் இவற்றை உருக்கி மறுபடி அலுமினியமாக்கிவிடலாம்.