கூட்ஸ் வண்டி வராத கோட்டை!

செஞ்சிக் கோட்டைக்குச் சுற்றுலா போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? ராஜகிரி மலையில் ஏறி இறங்கி, கால் வலிக்கிறது என்று நேராக பஸ்ஸுக்கு ஓடிவிடாதீர்கள். அடிவாரத்தில் தடித்த சுவர்களோடு நிற்கும் நெற்களஞ்சியத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள்.

1690-ல் முகலாயர் படை இந்தக் கோட்டையை முற்றுகையிட்டது. மராட்டிய மன்னர் ராஜாராம் இங்கே தங்கியிருந்தார். கோட்டை முகலாயர் கைக்குப் போனது 1698-ல்தான். எட்டு வருடம் தாக்குப்பிடிக்க வீரமும் வாளும் மட்டும் போதுமா? வயிற்றுக்குச் சோறு வேண்டாமா? அதற்குத்தான் களஞ்சியம். அந்தக் காலத்தில் நெல் வந்தது மாட்டு வண்டியிலும் பொதிமாட்டின் முதுகிலும்.

இன்றும் செஞ்சி நெல்லுக்குப் பேர்போன ஊர்தான். அறுவடைக் காலத்தில் இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டைகள் மலைபோல் குவியும். அவற்றை ஏற்றிப் போக லாரிகள் வரும். கூட்ஸ் வண்டி மட்டும் வராது. ஏன் தெரியுமா? செஞ்சிக்கு ரயில் பாதையே இல்லை! கிழக்கே திண்டிவனத்துக்கோ, மேற்கே திருவண்ணாமலைக்கோ போனால்தான் தண்டவாளத்தைப் பார்க்கலாம்.

'இல்லாவிட்டால் என்ன, அதுதான் லாரி இருக்கிறதே?' என்கிறீர்களா? லாரிக்கும் கூட்ஸ் வண்டிக்கும் நடக்கும் போட்டியைத் தெரிந்துகொண்டால் பதில் கிடைத்துவிடும்.

முதலில் வந்தது சரக்குதான்!

1853-ல் மும்பையிலிருந்து தானேவுக்கு ஓடியதுதான் இந்தியாவின் முதல் பயணிகள் ரயில். ஆனால், அதற்கும் முன்பே நம் சென்னையில் ரயில் ஓடிவிட்டது! 1837-ல் செங்குன்றம் பகுதியிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்கு, சாலை போடுவதற்கான கற்களைச் சுமந்துகொண்டு ஓடியது அது. ஆமாம், நம் நாட்டின் முதல் ரயில் ஒரு கூட்ஸ் வண்டி!

நூறு லாரிக்குச் சமம்

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் போனால் நெல் ஏற்றும் சரக்கு ரயிலைப் பார்க்கலாம். அரவைக்காக வேறு மாவட்டங்களுக்குப் போகிறது அந்த நெல். 42 வேகன்களில் சுமார் 2,000 டன் ஏறும். ஒரு மூட்டை 40 கிலோ என்றால் எத்தனை மூட்டை? கணக்குப் போட்டுப் பாருங்கள்... 50,000 மூட்டைகள்! ஒரு லாரியில் 20 டன் ஏற்றினால் நூறு லாரிகள் வேண்டும். நூறு லாரிக்கு நூறு டிரைவர்கள். ரயிலுக்கோ எஞ்சினில் இரண்டு பேர், கடைசிப் பெட்டியில் ஒரு கார்டு. அவ்வளவுதான்!

டீசலும் மின்சாரமும்கூட ரயிலுக்குக் குறைவாகவே செலவாகும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. தார்ச்சாலையில் ரப்பர் டயர் உருள அதைவிட அதிக சக்தி தேவை. அதனால்தான் நிலக்கரி, இரும்புத் தாது, சிமெண்ட், உரம் என்று கனமான சரக்குகள் ரயிலைத் தேடி வருகின்றன. நம் ரயில்கள் சுமக்கும் சரக்கில் கிட்டத்தட்ட பாதி நிலக்கரிதான். மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கும் நிலக்கரி கூட்ஸ் வண்டியில்தான் போகிறது.

பிறகு ஏன் தோற்றது?

இவ்வளவு பலம் இருந்தும் ரயில் தன் இடத்தைப் பறிகொடுத்தது. 1951-ல் நாட்டின் சரக்குகளில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் ரயிலில் போயின. இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீதியில் பெரும்பகுதியை லாரி தட்டிக்கொண்டு போய்விட்டது. எப்படி?

செஞ்சி விற்பனைக் கூடத்திலிருந்து ஒரு மூட்டை வெளியூர் போவதாக வைத்துக்கொள்வோம். லாரி என்றால் இங்கே ஏற்றுவார்கள், அங்கே இறக்குவார்கள். வேலை முடிந்தது. ரயில் என்றால்? லாரியில் ஏற்றி, ரயில் நிலையத்தில் இறக்கி, வேகனில் ஏற்றி, போன ஊரில் வேகனிலிருந்து இறக்கி, மறுபடி லாரியில் ஏற்றி, கடையில் இறக்க வேண்டும். மொத்தம் ஆறு முறை! ஒவ்வொரு முறையும் கூலி உண்டு. மூட்டை கிழிந்து நெல் சிந்தவும் செய்யும். சொன்ன நேரத்துக்குள் வேகனில் சரக்கை ஏற்றி இறக்காவிட்டால் 'டெமரேஜ்' என்று அபராதம் வேறு கட்ட வேண்டும்.

அதனால், நூறு, இருநூறு கிலோமீட்டருக்கு லாரிதான் லாபம். தூரம் கூடக்கூட ரயிலில் மிச்சமாகும் பணம், இந்த ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியை ஈடுகட்டிவிடும். பஞ்சாபிலிருந்து தமிழ்நாட்டுக்குத் தானியம் வர ரயில்தான் சரி!

இன்னொரு சிக்கல் வேகம். எக்ஸ்பிரஸ் வரும்போது கூட்ஸ் வண்டி பக்கத்துப் பாதையில் ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இப்படி நின்று நின்று போவதால் அதன் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் அளவுதான். ஒரு நல்ல சைக்கிள் வீரர் அதோடு போட்டி போடலாம்!

ரயில் சும்மா இருக்குமா?

ரயில்வேயும் புதுப்புது வழிகளைத் தேடியது. கொங்கண் ரயில்வே 1999-ல் ஒரு வேலை செய்தது. சரக்கு லாரிகளையே, டிரைவரோடு, ரயில் மேல் ஏற்றிக்கொண்டு போனது! எதிரியையே வாடிக்கையாளராக்கிய கெட்டிக்காரத்தனம் இது. இதனால் மூட்டையை இடையில் ஏற்றி இறக்கும் தொல்லை ஒழிந்தது.

வயதான பயணிகள் பெட்டிகளுக்கும் புது வேலை கிடைத்தது. இருக்கைகளைக் கழற்றிவிட்டு, அவற்றில் புதுக் கார்களை ஏற்றுகிறார்கள். காஞ்சிபுரம் மாவட்டம் வாலாஜாபாத்தில் இப்படிக் கார்கள் ரயிலேறுவதைப் பார்க்கலாம்.

2006-ல் தனியார் நிறுவனங்களும் கண்டெய்னர் ரயில்களை இயக்க அனுமதி கிடைத்தது. ஆனால், தண்டவாளம் ரயில்வேயுடையது. அதற்குக் கட்டணம் கட்ட வேண்டும். அமெரிக்காவில் வேறு மாதிரி. அங்கே பெரிய சரக்கு ரயில் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் சொந்தமாகத் தண்டவாளம் வைத்துக்கொண்டு போட்டி போடுகின்றன.

வட இந்தியாவில் சரக்கு ரயில்களுக்கென்றே தனிப் பாதைகள் போடப்பட்டுள்ளன. அங்கே எக்ஸ்பிரஸுக்கு ஒதுங்கி நிற்கும் வேலை இல்லை. மேற்குப் பாதையில் கண்டெய்னர் மேல் கண்டெய்னராக, இரண்டடுக்கு ரயில் ஓடுகிறது!

உங்கள் டிக்கெட்டுக்கும் அதுதான் காசு

இந்தப் போட்டியில் யார் ஜெயித்தால் நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். ரயில்வேயின் வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருகிறது. பயணிகளுக்காக 100 ரூபாய் செலவழித்தால் டிக்கெட்டில் திரும்புவது 54 ரூபாய்தான் என்று ரயில்வே 2024-ல் கணக்குச் சொன்னது. அந்தப் பள்ளத்தை நிரப்பக் கைகொடுப்பது அழுக்குப் படிந்த கூட்ஸ் வண்டிதான். பாட்டி வீட்டுக்கு நீங்கள் குறைந்த கட்டணத்தில் போவதற்கு நிலக்கரி வேகனும் காசு கொடுக்கிறது!

சரி, செஞ்சிக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கிலோமீட்டர் புதிய பாதை போட 2006-07 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி கிடைத்தது. அப்போது பிறந்த குழந்தைகள் பள்ளிப் படிப்பையே முடித்துவிட்டார்கள். செஞ்சியில் இன்னும் ரயில் கூவவில்லை. 2025-ல் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னமானது. எனவே, சுற்றுலாப் பயணிகளுக்கு ரயில் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். நெல் மூட்டைக்கும் வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். பக்கத்து ஊருக்கு லாரி, தூர தேசத்துக்கு ரயில் என்று இரண்டு வழி இருந்தால், 'எது மலிவு?' என்று விவசாயியும் வியாபாரியும் கேட்கலாம். ஒரே வழி இருக்கும்போது அந்தக் கேள்விக்கே இடமில்லையே!

அடுத்த முறை ரயில்வே கேட்டில் நிற்கும்போது, 'ஐயோ, கூட்ஸ் வண்டியா!' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். வேகன்களை எண்ணுங்கள். எத்தனை லாரிகள் சாலையில் குறைந்தன என்று கணக்குப் போடுங்கள். கடைசிப் பெட்டியில் கார்டு நின்றால், மறக்காமல் ஒரு டாட்டா காட்டுங்கள்!